தங்கம் தீட்டிய பழைய சென்ட் பாட்டில்கள்: அடையாளம் காண, அழியாமல் காக்க

என் கையால் அழிந்த தங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது சில்லறைச் சாமான்களை அள்ளி வந்த காயலான் கடைக்காரர், செருப்பு டப்பா ஒன்றில் ஐந்து குட்டிப் பாட்டில்களைப் போட்டு வைத்திருந்தார். "எல்லாம் சென்ட் பாட்டில்தான்க்கா. வெள்ளைக்காரம்மா காலத்துச் சாமான். மொத்தமா எடுத்துக்குங்க, பிரிச்சுக் கொடுத்தா எனக்குக் கட்டாது" என்றார். "ஒண்ணு விரிஞ்சிருக்கேண்ணே" என்று பேரம் பேசி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அழுக்கேறிய நீலப் பாட்டில் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, புளி வைத்துத் தேய்த்தேன். குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை. தோள்பக்கம் ஓடிய தங்கக் கொடி முதலில் வழுக்கியது, பிறகு தட்டில் பொன்துகளாக மிதந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மிச்சமிருந்த நான்கையும் ஆறு மாதம் தொடவில்லை. அந்த ஆறு மாதத்தில் படித்ததும், அதற்குப் பின் பத்து வருடத்தில் கற்றதும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. இதில் அடையாளம் காண்பது முன்னால் வரும், சுத்தம் செய்வது வெகு பின்னால் வரும். தங்கம் எந்த வகை என்று தெரியாமல் தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதால் இந்த வரிசை.

மலைக்கு எப்படி வந்தன

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்து, 1820களில் ஊட்டியில் கல் பங்களா கட்டியதும், பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோப்பு, குமாஸ்தா, குதிரை எல்லாம் மலையேறியபோது துரைசானிகளின் அலங்காரப் பெட்டியும் ஏறியது. கொடைக்கானலுக்கு 1845இல் வந்த அமெரிக்க மிஷனரிக் குடும்பங்களின் பெட்டிகளில் இந்த ஆடம்பரம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். குன்னூருக்கு ரயில் 1899இல்தான் வந்தது, ஊட்டிக்கு 1908இல். அதுவரை மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியிலும் குதிரையிலும் வளைந்து வளைந்து ஏற வேண்டும். தலைசுற்றலுக்கு முகர்வதற்கென்று அந்தப் பெண்கள் கையில் அமோனியா உப்பு வைத்திருந்தார்கள். நம் மலையில் சிக்கும் பாட்டில்களில் ஒரு வகைக்கு இந்த உப்பே விளக்கம். அதற்குக் கீழே வருகிறேன்.

முதல் படி: மேசையைத் தயார் செய்யுங்கள்

மேசைமேல் பழைய டர்க்கி டவலை இரண்டாக மடித்து விரியுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கையைக் கழுவி நன்றாக உலரவிடுங்கள். தைலமோ கிரீமோ தடவிய கை வேண்டாம். பருத்திக் கையுறை கண்ணாடியில் வழுக்கும், வெறும் உலர்ந்த கையே மேல். மூடியைப் பிடித்துப் பாட்டிலைத் தூக்காதீர்கள். அடியில் ஒரு கை, உடலில் ஒரு கை. தங்கம் இருக்கும் இடத்தில் விரல் படாமல் பிடிப்பது முதலில் சிரமமாக இருக்கும், பழகிவிடும்.

நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். கூடவே சின்ன டார்ச், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. எதையும் செய்வதற்கு முன் நான்கு பக்கமும், அடியும், மூடியும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு "இது முன்னமே தேய்ந்திருந்ததா, நான்தான் தேய்த்தேனா" என்று இரவில் புரள வேண்டியிருக்காது.

இரண்டாம் படி: எந்தத் தங்கம்?

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எத்தனை பவுன் இருக்கும்?" என்பது. ஒரு குன்றிமணி எடைகூடத் தேறாது. உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள். இங்கே பார்க்க வேண்டியது தங்கத்தின் மாற்று அல்ல, அந்தத் தங்கம் கண்ணாடியோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பது. அதில் ஐந்து வகை உண்டு.

முதல் வகை, சூளை பார்க்காத ஒட்டுத் தங்கம். எண்ணெயோ வார்னிஷோ தடவி அதன்மேல் தங்க ரேக்கை, அதாவது தட்டி மெலிதாக்கிய தங்கத் தகட்டை, ஒட்டி விட்டுவிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் ரேக்கின்மேல் ரேக்கு ஏறிய கோடு தெரியும். ஓரம் பிய்ந்தாற்போல் இருக்கும். வறண்ட ஏரியின் தரைபோல மெல்லிய வெடிப்பு இருக்கும், அடியில் பசை பழுத்து மஞ்சளாகத் தெரியும். நான் தொலைத்தது இதைத்தான். இந்த வகைக்குத் தண்ணீர், ஸ்பிரிட், தைலம் மூன்றுமே எமன்.

இரண்டாம் வகை, சூளையில் சுட்ட பொடித் தங்கம். தங்க ரேக்கைத் தேனில் அரைத்துத் தூரிகையால் தீட்டி, கண்ணாடி இளகிவிடாத அளவுக்கு மெல்லிய சூட்டில் சுடுவார்கள். இதற்குத் தேன் எதற்கு என்று எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. ரேக்கைத் தனியாக அரைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளும், தேன் அதைப் பிரித்து வைக்கும், பிறகு கழுவினால் போய்விடும். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துத் தீட்டி, பாதரசத்தைச் சூட்டில் ஆவியாக்கும் முறையும் இருந்தது. இரண்டிலும் சூளையிலிருந்து வரும்போது தங்கம் மங்கலாகத்தான் இருக்கும். அகேட் கல் பதித்த கோலால் தேய்த்தால் பளபளப்பு ஏறும். லென்ஸில் தூரிகைத் தடமும் தேய்த்த கோடும் தெரியும். நிறம் கனிந்த மஞ்சள், கொஞ்சம் தடிமன் இருக்கும். இலண்டனில் 1760, 70களில் ஜேம்ஸ் ஜைல்ஸ் பட்டறையில் நீலக் கண்ணாடியிலும் வெள்ளைக் கண்ணாடியிலும் பூவும் பறவையும் தீட்டிய சென்ட் பாட்டில்கள் இந்தப் பழைய தங்க வேலைக்குப் பேர் போனவை. நம் சந்தையில் அப்படி ஒன்று கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். ஆனால் கண்ணைப் பழக்க அவற்றின் அருங்காட்சியகப் படங்களைப் பார்த்துவையுங்கள்.

மூன்றாம் வகை, திரவத் தங்கம். ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் 1830ஐ ஒட்டிக் கண்டுபிடித்தது. தங்கத்தைக் கந்தகமும் பிசினும் கலந்த எண்ணெயில் கரைத்துப் பூசிச் சுட்டால், சூளையிலிருந்து வெளிவரும்போதே கண்ணாடிபோல் மின்னும். கல்லால் தேய்க்கும் கூலி மிச்சம். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலிவுப் பாட்டில்கள் எல்லாம் இதற்கு மாறின. நம் கையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இதுதான். பூச்சின் கனம் ஒரு மைக்ரான்கூட இராது. தலைமுடியின் கனம் அதைப்போல் பல பத்து மடங்கு. மிக மெலிதாகப் பூசிய ஓரங்களில் ஊதாச் சாயல் அடிக்கும், அது நல்ல அடையாளம். சுட்டதுதானே என்று நம்பித் தேய்த்தால் பத்துத் தடவையில் காணாமல் போகும்.

நான்காம் வகை, கண்ணாடிக்கு உள்ளே அடைபட்ட தங்கம். பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டுப் பகுதியில், 1730களில் ஒரு பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் தங்க ரேக்கை ஒட்டிப் படம் கீறி, அதன்மேல் அளவெடுத்தாற்போல் இன்னொரு கண்ணாடி உறையை மாட்டினார்கள். விரலால் தடவினால் வழவழவென்று கண்ணாடி மட்டுமே தட்டுப்படும். இப்படி ஒன்று கிடைத்தால் கழுவவே கழுவாதீர்கள். இரண்டு கண்ணாடியும் சேரும் விளிம்பில் நீர் இறங்கினால் வெளியே எடுக்க வழியில்லை.

ஐந்தாவது, தங்கமே இல்லாத தங்கம். செம்பும் துத்தநாகமும் கலந்த பொன்பெயின்ட். லென்ஸில் பொடிப்பொடியாக, ஜிகினா தூவினாற்போல் தெரியும். மலைக்காற்றில் சில வருடத்தில் பழுப்பாகும், பள்ளத்தில் பச்சை பிடிக்கும். தங்கம் கறுக்காது, பச்சையும் பிடிக்காது. பூச்சில் பச்சை கண்டால் அது தங்கமில்லை, அல்லது பிற்காலத்தில் யாரோ பெயின்ட்டால் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

தேய்மானத்தையும் படியுங்கள். கட்டைவிரல் படும் இடம், தோள், வாய்விளிம்பு, பெட்டியில் உரசும் மேடுகள் இங்கேதான் தங்கம் முதலில் மெலியும், அதுவும் இடத்துக்கு இடம் ஏறக்குறையத்தான். பள்ளத்தில் தேய்ந்து மேட்டில் பளபளத்தால் யாரோ வயசைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். அடிப்பாகக் கீறல்களும் அப்படியே: நூறு வருடம் மேசையில் வைத்து எடுத்த பாட்டிலில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், உப்புத்தாள் போட்டதில் ஒரே பக்கமாக ஓடும்.

மூன்றாம் படி: கண்ணாடியைக் கேளுங்கள்

பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். ஊதிச் செய்த பாட்டிலை ஊதுகுழலிலிருந்து பிரிக்கும்முன் அடியில் ஓர் இரும்புக்கோலை ஒட்டிப் பிடிப்பார்கள். கோலை உடைத்தெடுத்த வடு தொப்புள்போல் இருக்கும். நல்ல வேலையில் அதைச் சாணைபிடித்து வட்டமாக வழவழப்பாக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் அச்சுக்கோடு இருந்தால் அது எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாய்விளிம்பைத் தாண்டி ஓடினால் இயந்திரத்தில் வந்தது; அந்த இயந்திரத்தை மைக்கேல் ஓவன்ஸ் அமெரிக்காவில் 1903இல் ஓடவைத்தார்.

கண்ணாடி மூடியை அந்தந்தக் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள். ஒரு மூடி இன்னொன்றுக்குச் சேராது. மாறிவிடாமலிருக்க மூடியின் தண்டிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறி வைக்கும் வழக்கம் உண்டு. இரண்டு எண்ணும் ஒத்தால் ஜோடி பிரியவில்லை என்று பொருள். ஒத்துப்போகாத மூடி விலையைப் பாதியாக இறக்கும். ஆனால் நம் மலையில் மூடி மாறாத பாட்டிலைக் காண்பது குறிஞ்சி பூப்பதைக் காண்பதுபோல.

நிறமும் பேசும். கருஞ்சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் கண்ணாடிக் குழம்பிலேயே தங்கத்தைக் கரைத்துச் சேர்ப்பதுண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் ரசாயனக்காரர் யோஹான் குங்கெல் இதில் கைதேர்ந்தவர். அப்படிப்பட்ட பாட்டிலில் தங்கம் வெளியேயும் உண்டு, உள்ளேயும் உண்டு. பொஹீமியாவின் ஃபிரீட்ரிஷ் ஏகர்மன் 1832இல் கண்டுபிடித்த சிவப்போ மேல்தோலில் மட்டும் நிற்கும் சாயம். வெட்டிய பட்டையில் உள்ளே நிறமற்ற கண்ணாடி தெரிந்தால் அது சாயமாகவோ, மெல்லிய மேலடுக்காகவோ இருக்கும்.

ஊதா விளக்கை இருட்டறையில் அடித்துப் பாருங்கள். மஞ்சளும் பச்சையுமான சில பாட்டில்கள் பச்சை நெருப்பாக ஒளிரும். அது யுரேனியம் சேர்த்த கண்ணாடி, 1830களில் பொஹீமியாவின் ரீடல் குடும்பம் பரப்பியது. பயப்பட வேண்டாம், அலமாரியில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. சாணைபிடித்துத் தூளை மட்டும் மூச்சிழுக்காதீர்கள்.

நான்காம் படி: ஊர், பேர், முத்திரை

மலையில் அதிகம் அகப்படுவது விக்டோரியா காலத்து இரட்டைவாய்ப் பாட்டில். நடுவில் தடுப்பு, இரு முனையிலும் வாய். ஒரு பக்கம் சென்ட், மறுபக்கம் நான் முன்பு சொன்ன முகரும் உப்பு. பெரும்பாலும் திருகு மூடி சென்டுக்கு, கீல் மூடி உப்புக்கு. நீண்ட நாள் உப்பு இருந்த பக்கத்தில் கீலைச் சுற்றிப் பச்சை படிந்திருக்கும். அமோனியா செம்பைத் தின்ற தடம் அது. கோபால்ட் நீலமும் சிவப்பும் அதிகம். மூடியின் விளிம்பில் எஸ்.எம். என்ற எழுத்துகளைத் தேடுங்கள். இலண்டனின் சாம்சன் மார்டன் கம்பெனி, 1822இல் திருகுபென்சிலுக்குக் காப்புரிமை வாங்கிய அதே மார்டன், வெள்ளி மூடி போட்ட சென்ட் பாட்டில்களையும் ஏராளமாக விற்றது.

இங்கிலாந்து வெள்ளி மூடி இருந்தால் அதன் முத்திரையிலேயே தேதி கையில் கிடைத்தமாதிரிதான். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இலண்டன். ஒற்றை எழுத்து வருடத்தைச் சொல்லும். அரசியின் தலை பொறித்திருந்தால் 1890க்கு முந்தியது, ஏனெனில் அந்த வருடத்தோடு வெள்ளி வரி போனது. முத்திரையே இல்லாமல் மஞ்சளாக மின்னினால் பித்தளையில் தங்க முலாமாக இருக்கலாம்.

பொஹீமியாவின் கார்ல்ஸ்பாத் ஊரில், இன்றைய கார்லோவி வாரியில், லூத்விக் மோசர் 1857இல் தொடங்கிய பட்டறை கனத்த தங்கப்பட்டைகளுக்குப் பேர் போனது. அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்ற பெயர் இருந்தால் 1918க்குப் பிந்தியது, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. விற்பவர் "இருநூறு வருஷம்" என்றால் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு வரலாம். பிரான்சில் பக்காரா ஆலை 1764இலேயே இருந்தாலும், கண்ணாடியில் அரித்த முத்திரையை வழக்கமாக்கியது 1936இல்தான். அதற்குமுன் காகித லேபிள், அது எந்தப் பாட்டிலிலும் மிஞ்சாது. கெர்லேன் வாசனைக் கடை 1853இல் பேரரசி யூஜெனிக்காகச் செய்த தேனீப் பாட்டில் இன்றும் தயாராகிறது. உடலெங்கும் தங்கத் தேனீ ஒட்டிய அந்தப் பாட்டிலைப் பழசு என்று விற்பார்கள், பாதி நேரம் அது போன தலைமுறையின் பாட்டிலாக இருக்கும்.

நம் நாட்டுப் பக்கமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் குஜராத்தில் சதுர அத்தர் குப்பிகளிலும் ஹுக்கா அடிகளிலும் தங்கத்தால் பூவும் பெண்ணுருவும் தீட்டியிருக்கிறார்கள். நீண்ட கழுத்துப் பன்னீர்ச் செம்பிலும் இந்தத் தங்கக் கொடியைக் காணலாம்.

ஐந்தாம் படி: ஏமாறாமல் இருக்க

சுற்றுலா இடங்களில் "பழைய அத்தர் பாட்டில்" என்று காட்டுவதில் பாதி எகிப்திலிருந்து வருபவை. ஊதிய பல்புபோல இறகு எடை, மெல்லிய கண்ணாடி, தலையில் ஊசிபோல நீண்ட மூடி, பளீரென்ற தங்கக் கோடு. அழகுதான், வாங்குங்கள், புது விலைக்கு வாங்குங்கள். பழைய வெட்டுக்கண்ணாடி உள்ளங்கையில் கனக்கும், குளிர்ந்திருக்கும்.

ஒரு சட்ட விஷயம். நூறு வருடம் கடந்த கலைப்பொருள் 1972ஆம் வருடப் பழம்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகக் கொள்ளத்தக்கது; தனியாள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இலண்டனிலிருக்கும் மகளுக்குப் பாட்டியின் பாட்டிலைக் கொடுத்தனுப்ப நினைத்தால், அது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

ஆறாம் படி: சுத்தம், அதுவும் கொஞ்சமாக

முதலில் ஓவியர்கள் வைத்திருக்கும் அணில்முடித் தூரிகை. தூசியைத் தட்டிவிடுங்கள். பாதிப் பாட்டிலுக்கு இதுவே போதும். துணி வேண்டாம், பிய்ந்து நிற்கும் ரேக்கு அதில் மாட்டிக்கொள்ளும்.

சூளை பார்த்த தங்கம் என்று உறுதியானால் மட்டும் அடுத்தது. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் வடிநீர் வாங்கிக்கொள்ளுங்கள். மலைநீரில் சுண்ணாம்பு குறைவு என்பார்கள், இருந்தாலும் காய்ந்த துளியின் வட்டம் விழத்தான் செய்யும். அறைச் சூட்டில் இருக்கும் அந்த நீரில் பஞ்சுமொட்டை நனைத்து, பிழிந்து, தங்கம் இல்லாத கண்ணாடியை மட்டும் துடையுங்கள். தங்கத்தின்மேல் அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு மில்லிமீட்டரில் உருட்டிப் பாருங்கள். தேய்க்காதீர்கள், உருட்டுங்கள். பஞ்சில் மஞ்சள் மினுங்கினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

வேண்டாதவை: புளி, எலுமிச்சை, வினிகர், சாம்பல், பற்பசை, பித்தளைப் பாலிஷ், அமோனியா கலந்த நீலநிறக் கண்ணாடி ஸ்பிரே, பாத்திரம் கழுவும் மிஷின். நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: நீலகிரித் தைலம். லேபிள் பசையை எடுக்க அதைப்போல் இன்னொன்று இல்லை, நானே எல்லா ஜாம் பாட்டிலுக்கும் அதைத்தான் பூசுகிறேன். ஆனால் ஒட்டுத் தங்கத்துக்கு அடியில் இருப்பதும் பசையும் எண்ணெயும்தான். தைலம் அதையும் சேர்த்து இளக்கிவிடும்.

உள்ளே காய்ந்த சென்ட் பிசின் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் குழல்மூலம் சில துளி விட்டு ஒரு மணிநேரம் சாய்த்து வையுங்கள். வெளியே வழிந்தால் உடனே ஒற்றியெடுக்க ஒரு பஞ்சு கையிலிருக்கட்டும். அரிசியோ ஈயக்குண்டோ போட்டுக் குலுக்கும் பழைய வித்தை உள்சுவரைக் கீறும். எதை ஊற்றினாலும் போகாத பால்வெள்ளை மங்கல் என்றால் அது அழுக்கல்ல. கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கிறது. அதோடு சண்டை போட வேண்டாம்.

வெள்ளி மூடியைத் துடைக்கும்போது பாலிஷ் பசை தங்கத்தில் படாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி மெல்லிய காகிதம் கட்டுங்கள். மூடிவளையத்தைக் கழுத்தோடு சேர்க்க உள்ளே பிளாஸ்டர் வைத்திருப்பார்கள், அது நீரை உறிஞ்சி உப்பும். அதனால் முக்கி எடுப்பது கூடவே கூடாது.

ஏழாம் படி: இறுகிய மூடி

கொறடு வேண்டாம். மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே கிளிசரினும் ஆல்கஹாலும் சம அளவு கலந்து ஒரு துளி விட்டு, ஒரு நாள் காத்திருங்கள். கழுத்து விளிம்பில் ஒட்டுத் தங்கம் இருந்தால் அந்தத் துளியும் வேண்டாம். பிறகு பென்சில் போன்ற மரக்குச்சியால் மூடியின் இரு பக்கமும் மாறி மாறி மெதுவாகத் தட்டுங்கள். திருகும்போது விரல்பலம் மட்டுமே. அசையாவிட்டால் மறுபடி ஒரு துளி, மறுபடி ஒரு நாள். ஒரு பாட்டிலுக்கு எனக்குப் பதினொரு நாள் ஆனது. கழுத்தில் கயிற்றைச் சுற்றி உரசிச் சூடேற்றும் பழைய மருந்துக்கடை உத்தி தங்கப்பட்டையைச் சுரண்டி எடுத்துவிடும், சுடுநீர்த் துணியோ வேறு ஆபத்து.

அந்த ஆபத்து நம் மலைக்கே உரியது. ஜனவரி விடியலில் ஊட்டியில் புல்மேல் உறைபனி விழும்போது, சூடில்லாத அறையில் இருக்கும் கண்ணாடி தொட்டால் விரல் விறைக்கும். அதன்மேல் கீசர் தண்ணீரை ஊற்றினால் வெளித்தோல் விரியும், உள்ளே கனத்த கண்ணாடி விரியாது, பட்டென்று விரிசல். வெட்டுக்கண்ணாடிக்கு இது இன்னும் சுலபம். கணப்பு அடுப்பின் மேல்திட்டில் பாட்டில்களை வரிசையாக வைப்பதும் இதே கதைதான், பங்களாப் படங்களில் மட்டும் நன்றாக இருக்கும்.

எட்டாம் படி: மலை ஈரத்தில் வைப்பு

எனக்கு இதுவே வழிகாட்டியின் உயிர்ப்பகுதி, பின்னால் வந்தாலும். சமவெளியில் இந்தப் பாட்டில்களுக்கு எதிரி கைதான். இங்கே மூடுபனி. தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் வாரக்கணக்கில் துணி காயாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு வடகிழக்கில் அது வரும். கேமரா வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்த கதையைச் சொல்வார்கள். அதே பூஞ்சை பாட்டிலின் தூசிமேலும் பிடிக்கும், பிடித்த இடத்தில் கண்ணாடியை அரிக்கும்.

சில பழைய கண்ணாடிகளுக்குப் பிறவி நோயே உண்டு. செய்யும்போது காரம் கூடி, சுண்ணாம்பு குறைந்திருந்தால் ஈரம் அந்தக் காரத்தை வெளியே இழுக்கும். பாட்டில் வியர்க்கும், தொட்டால் வழுவழுக்கும். பிறகு காற்று திடீரென வறண்டால் தோல் முழுதும் மயிரிழை வெடிப்பாக விரியும். தங்கம் அந்தச் செதிலோடு சேர்ந்து உதிரும். இப்படி வியர்க்கும் ஒன்று இருந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்தை ஒட்டி, மெதுவாக மட்டுமே மாறும்படி வையுங்கள். ஆரோக்கியமான கண்ணாடிக்கு 45 முதல் 55 போதும். ஈரமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அலமாரிக்குள் ஒன்று வாங்கி வையுங்கள்.

கண்ணாடிக் கதவு இறுக மூடும் அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் டப்பா. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள். மழைக்காலத்தில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் பழக்கம் மலைவீடுகளில் உண்டு, கம்பளிக்கு அது சரி. பாட்டிலுக்கு இரவில் சூடு, பகலில் மின்வெட்டில் குளிர் என்று மாறி மாறி வரும், அது கூடாது. கற்பூரமும் அந்துருண்டையும் ஆவியாகிப் படிந்து ஒட்டுத் தங்கத்தின் பசையைக் கெடுக்கும். புதுப் பிளைவுட்டின் நாற்றம் அடங்கும்வரை அதில் வைக்காதீர்கள், அந்த ஆவியில் கண்ணாடியை அரிக்கும் அமிலம் உண்டு. பழைய தேக்கு, ரோஸ்வுட் அலமாரி என்றாலும் தட்டில் அமிலமற்ற காகிதம் விரித்துவிடுங்கள்.

பொட்டலம் கட்டும்போது செய்தித்தாளோ, குமிழிப் பிளாஸ்டிக்கோ தங்கத்தை நேராகத் தொடக் கூடாது. ஈரத்தில் குமிழியின் வட்டம் வட்டமான தடம் தங்கத்தில் பதிந்துவிடும். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். மூடியோடு வைப்பதென்றால் நடுவே ஒரு கீற்று டிஷ்யூ.

தங்கம் போன இடத்தில் திரும்பப் பூசலாமா என்று கேட்பார்கள். பூசாதீர்கள். மீதமிருக்கும் அசல் தங்கத்தின் நம்பகமும் அதோடு போகும், மீண்டும் சூளைக்கு அனுப்பினால் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

அந்த நீலப் பாட்டில் இப்போதும் என் சன்னலோரம் இருக்கிறது, அலமாரிக்குள் வைக்க மனம் வரவில்லை. போன டிசம்பரில் ஒருநாள் விடியலில் காப்பி டம்ளரோடு அதன்மேல் குனிந்தபோது என் மூச்சு அதில் படிந்தது. ரேக்கு ஒட்டியிருந்த இடமும் வெறும் கண்ணாடியும் ஒரே மாதிரி ஆவி பிடிப்பதில்லை. நான் தேய்த்து அழித்த கொடி, இலைக்கு இலை, சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றது. மறையுமுன் பென்சிலைத் தேடி எடுத்து, மூச்சு விட்டு விட்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து முடித்தேன். ஐந்து இதழ்ப் பூ மூன்று, நடுவில் ஒரு மொட்டு, இடப்பக்கம் மட்டும் ஓர் இலை கூடுதல்.